கிழக்கே பார்க்காதவர்கள்

"குறுவைக்குத் தண்ணீர் விட வக்கில்லை, துருவத்துப் பனிக்கட்டியை வேவு பார்க்க வானத்தில் யந்திரம் விடுகிறார்களாம்!"

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்காத இடமில்லை. காபி கிளப்பில் கேட்டிருக்கிறேன். கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன். நாலு எழுத்துப் படித்தவர்கள் கூடும் வாசகசாலையிலும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்ப்பார். நாலு பேர் சிரிப்பார்கள். விவகாரம் தீர்ந்தது!

எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த வாக்கியத்தில் உள்ள கோபம் நியாயமானது. ஆனால் கோபம் நியாயமாக இருப்பதாலேயே தர்க்கமும் நியாயமாகிவிடாது.

விஷயம் என்னவென்று முதலில் பார்ப்போம். 2013 பிப்ரவரி 25-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'சரல்' என்ற செயற்கைக் கோள் கிளம்பிற்று. கோளின் உடலும் ராக்கெட்டும் நம்முடையவை. உள்ளே இருந்த முக்கியக் கருவி பிரான்சு தேசத்தாருடையது. சுமார் 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது கீழே ஓர் அலையை அனுப்பும். கடலிலோ பனியிலோ பட்டு அலை திரும்ப எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்கிடும். கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் வரும் வரை எண்ணுகிற சிறுவன் செய்வதும் இதைத்தான். மிதக்கும் பனிப்பாளம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு மேல் தலை காட்டும். அந்தத் தலையின் உயரத்தை அளந்துவிட்டால் முழுப் பாளத்தின் கனமும் ஓரளவு பிடிபட்டுவிடும்.

துருவத்தில் மாதக்கணக்கில் இருட்டு. வெளிச்சம் வந்தால் மேகமும் மூடுபனியும். கப்பல் நுழைய முடியாத இடமே அதிகம். மைக்ரோவேவ் அலைகளுக்கு இருட்டு ஒரு பொருட்டல்ல. மேகமும் பெரிய தடையல்ல. 1970-களின் கடைசியிலிருந்து இந்த வழியில் விடாமல் கணக்கெடுத்து வருகிறார்கள். 1980-களின் செப்டம்பர் மாதங்களில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்திருந்த வடதுருவக் கடற்பனி, 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சமாகச் சுருங்கிவிட்டது என்பது அப்படித் தெரிந்ததுதான்.

"மிதக்கிற ஐஸ் உருகினால் கடல் எப்படி ஐயா உயரும்?" என்று கேட்கிற கெட்டிக்காரரும் உண்டு. வாஸ்தவம், டம்ளரில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் சர்பத் வழிந்துவிடாது. ஆனால் அந்த வெள்ளைப் போர்வை வெயிலைத் திருப்பி அனுப்பிக் கொண்டிருந்தது. போர்வை விலகினால் கறுத்த கடல் வெயிலைக் குடிக்கிறது, உஷ்ணம் ஏறுகிறது. தென்துருவத்திலோ, கரையோரம் மிதக்கும் பனித்தட்டுகள், நிலத்தின் மேலிருந்து இறங்கும் பனி ஆறுகளுக்கு வரப்பாக நிற்கின்றன. வரப்பு உடைந்தால் என்ன ஆகும் என்று தஞ்சாவூர்க்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நிலத்துப் பனி கடலில் இறங்கினால் கடல் உயர்ந்தே தீரும்.

உயர்ந்தும் இருக்கிறது. 1993 முதல் முப்பது ஆண்டுகளில் உலகக் கடல்களின் சராசரி மட்டம் சுமார் 10 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. பனி கரைந்தது ஒரு காரணம். கடல்நீர் சூடேறி விரிந்தது இன்னொரு காரணம். நம் கணக்கில் அது அரைச் சாண். "பூ, இவ்வளவுதானா?" என்கிறீர்கள். மலைச் சீமையில் அரைச் சாண் ஒன்றுமில்லை. வேதாரண்யத்திலும் முத்துப்பேட்டையிலும் நிலம் தாம்பாளத்தைப் போலக் கிடக்கிறது. அங்கே அரைச் சாண் கடல் அலையாக வராது, உப்பாக வரும். ஆற்று முகத்துவாரத்தில் ஏறும். பம்பு செட்டில் ஏறும். வயலில் உவர் பூக்கும். புயல் வரும் நாளில் அந்த அரைச் சாண் புயலின் முதுகில் ஏறிக்கொண்டு இன்னும் உள்ளே வரும்.

என் வழக்கு இதுதான்: காவிரிக்காரர்களாகிய நாம் தலைமுறை தலைமுறையாக மேற்கே மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். மேட்டூரில் எத்தனை அடி என்று பள்ளிக்கூடப் பையன் கூடச் சொல்வான். 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னபோது, அந்தக் கால் டி.எம்.சி.யையும் விடாமல் மனப்பாடம் செய்தோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் கிழக்கேயிருந்து வருகிற தண்ணீருக்கு நம்மிடம் என்ன கணக்கு இருக்கிறது? கடைமடைக்காரனுக்கு மேற்கேயிருந்து நல்ல தண்ணீர் வரவில்லை என்பது பாதித் துன்பம். கிழக்கேயிருந்து உப்புத் தண்ணீர் வருகிறது என்பது மறு பாதி. முதல் பாதிக்கு ஊர்வலம் உண்டு. மறு பாதிக்கு ஒரு பெருமூச்சு கூட இல்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்குச் சந்தோஷமாயிருக்கும். "பனி உருகுகிறது, நாங்கள் என்ன செய்ய?" என்று கையை விரித்துவிடலாம். அதற்கும் நான் இடம் கொடுக்க மாட்டேன். கடல் ஏறுவது ஒரு பக்கம். டெல்டா தாழ்வது இன்னொரு பக்கம். காவிரி கொண்டு வந்து கொட்டிய வண்டலால் உண்டான பூமி இது. கண்ணம்பாடியும், 1934-ல் முடிந்த மேட்டூரும் அந்த வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் மணலை நாம் லாரியில் ஏற்றுகிறோம். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறோம். இதற்கெல்லாம் துருவத்துப் பனியைக் குற்றவாளியாக்க முடியாது.

இங்கேதான் அந்த வானத்து யந்திரம் நமக்குச் சாட்சி சொல்ல வருகிறது. 2025 ஜூலை 30-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து அனுப்பிய 'நிசார்', தென்துருவத்துப் பனி எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பதற்கான கோள். அதே ராடார், தரை சென்டிமீட்டர் கணக்கில் தாழ்ந்தாலும் காட்டிக் கொடுக்கக் கூடியது. பனியை அளக்கிற முழக்கோல் வேறு, பட்டுக்கோட்டையை அளக்கிற முழக்கோல் வேறு அல்ல!

ஆகவே, யந்திரம் எதற்கு என்று கேட்பது வீண். அது அளந்தது எங்கே என்று கேளுங்கள். விஞ்ஞானிகள் அளந்ததை இங்கிலீஷ் சஞ்சிகைகளில் எழுதிக்கொண்டால் கடைமடைக்கு என்ன பிரயோசனம்? கடலோர ரெகுலேட்டர் ஒவ்வொன்றிலும் ஒரு பலகை வையுங்கள். இந்த வருஷம் கடல் எவ்வளவு, தரை எவ்வளவு, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று தமிழில் எழுதுங்கள். மேட்டூர் நீர்மட்டத்தைப் போல அதையும் பத்திரிகையில் தினம் போடுங்கள்.

கர்நாடகத்தோடு வழக்காட நீதிமன்றம் இருக்கிறது. கடலோடு வழக்காட எந்த நீதிமன்றமும் கிடையாது. அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது ஒன்றுதான் நமக்குள்ள பாதுகாப்பு.