இறுதிப் பகுதியை எழுதுவோர் யார்?

வேற்றுக் கோளத்தார் மண்ணுலகின்மீது படையெடுத்து வருவதும், மனிதர் அவர்களை எதிர்த்து நிற்பதுமான கதைகள் இன்றைய இளைஞர் உள்ளங்களைப் பெரிதும் கவர்ந்துள்ளன. பல பகுதிகளாக வளரும் அத்தகைய தொடரின் இறுதிப் பகுதியைக் காண்பதற்காக உறக்கத்தையும் துறக்கும் மாணவரை நாம் அறிவோம். வீண் பொழுதுபோக்கு என்று அவற்றை ஒதுக்கிவிடுதல் முறையன்று. எனினும், அவற்றின் முடிவு நமக்கு எதைக் கற்பிக்கிறது என்று எண்ணிப் பார்த்தல் நம் கடனாகும்.

இவ்வகைக் கதைகளுக்கு வழிவகுத்த பெருமை எச்.ஜி.வெல்ஸைச் சாரும். செவ்வாய்க் கோளத்தார் இங்கிலாந்தைத் தாக்குவதாக அவர் புனைந்த 'உலகங்களின் போர்' 1897-இல் தொடராக வெளிவந்து, 1898-இல் நூலாயிற்று. டாஸ்மேனியத் தீவின் பழங்குடியினருக்கு ஐரோப்பியர் இழைத்த அழிவை அவர் தொடக்கத்திலேயே நினைவூட்டுகிறார். பிறர் மண்ணில் தம்மவர் செய்தது தம் மண்ணிலும் நிகழ்ந்தால் எவ்வாறிருக்கும் என்று ஆங்கிலேயரைச் சிந்திக்க வைத்ததே அக்கதையின் சிறப்பு. ஆனால் முடிவில் பகைவரை வீழ்த்துவன நுண்கிருமிகளே. தமிழில் 1963-இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து வெளிவந்த 'கலை அரசி'யில், வேற்றுலகத்தார் கவர்ந்து சென்ற பாடகியைத் தனியொரு வீரன் மீட்டு வருகிறான். ஒன்றில் இயற்கை காக்கிறது. மற்றொன்றில் நாயகன் காக்கிறான். ஊர் மக்களுக்கு இரண்டிலும் வேலையில்லை.

வெல்ஸ் கற்பனையில் காட்டியதைப் பென்னாகரம் பட்டறிந்தது. நம் பகுதியை உள்ளடக்கிய பாரமகால், 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியாரின் கைக்கு மாறியது. இம்மண்ணின் உழவரை எவரும் கேட்கவில்லை. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி வகுத்தனர். அந்நியர் ஆட்சி நிலைபெற வாளோடு அளவுச் சங்கிலியும் துணைநின்றது. அக்கதையின் இறுதிப் பகுதி 1947-இல்தான் வந்தது. இடையில் கழிந்தவை 155 ஆண்டுகள்.

அந்நெடுங்கதையில் நம் வட்டத்துப் பாப்பாரப்பட்டிக்கும் ஓர் இடமுண்டு. 1908-இல் வ.உ.சிதம்பரனாருடன் சிறைப்பட்ட சுப்பிரமணிய சிவா, அங்கே தொழுநோய்க்கு ஆளானார். இரயிலில் செல்லத் தடை விதிக்கப்பட்டபோது கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்று விடுதலை உணர்வை ஊட்டினார். பாரதமாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப விழைந்து பாப்பாரப்பட்டியில் இடம் தேர்ந்தார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-இல், தம் நாற்பதாம் வயதில், சிவா அவ்வூரிலேயே கண் மூடினார். ஆலயமும் எழவில்லை, நாடும் விடுதலை பெறவில்லை. அவர் அடிக்கல்லைக் கண்டார், முடிவைக் காணவில்லை.

கதை என்றால் வெற்றி வேண்டாவா என்று சிலர் வினவலாம். வேண்டும், அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் ஒரே அடியில் பகை ஒழியும் என்ற பாடத்தையே நாளும் கேட்டு வளரும் இளைஞன், ஊரில் தீமை தலைதூக்கும்போது யாரோ ஒரு வீரன் வருவான் என்று திண்ணையில் காத்திருப்பான். அதுவே நம் அச்சம். எதிர்ப்பு என்பது முடிவைக் காணக் கொடுத்து வைக்காதவர்களின் உழைப்பாலும் ஆவது.

ஆதலின், அறிவியல் புனைகதை எழுத விழையும் நம் மாணவர்களுக்கு ஒன்று கூறுவோம். விண்கலம் நியூயார்க்கிலேயே இறங்க வேண்டுமென்பதில்லை. பென்னாகரம் சந்தையிலும் இறங்கட்டும். அதை எதிர்ப்போருள் இறுதிப் பகுதிக்கு முன்பே மறைந்துபோன ஒருவரும் இருக்கட்டும். எழுதுவதற்கு முன் ஒரு நாள் பாப்பாரப்பட்டிக்குச் சென்று வாருங்கள். பிறர் எழுதிய முடிவுகளைக் கண்டு மகிழ்ந்தது போதும். நம் முடிவை நாமே எழுத முற்படுவோமாக.