மாநாட்டுக்குப் போனால் வேனில் ஏறாதீர்கள்

வெளிநாட்டில் தமிழ் மாநாடு என்று அழைப்பு வந்ததும் நம் வயதுக்காரர்களில் பலர் முதலில் உட்கார்ந்து கட்டுரை எழுதுவதில்லை. ஒரு டிராவல்ஸ்காரரைத் தேடுகிறார்கள். விமானம், ஓட்டல், வேன், மூன்று வேளை சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே தொகை. கட்டிவிட்டால் நிம்மதி என்று ஒரு எண்ணம். நான் இதில் எதிர்க்கட்சி. டிக்கெட்டும் அறையும் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. வேனையும் சாப்பாட்டையும் வாங்காதீர்கள்.

கோலாலம்பூரை வைத்தே சொல்கிறேன். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடிய ஊர் அது. தனிநாயக அடிகள் அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைத் தலைவர். பிறகு 1987, 2015, 2023 என்று மேலும் மூன்று முறை மாநாடு அங்கேயே போய்ச் சேர்ந்தது. 2023 ஜூலையில் அதே பல்கலைக்கழகத்தில் நடந்ததற்கு நானும் போயிருந்தேன்.

எங்கள் ஓட்டலில் மொத்தக் கட்டணத்தில் வந்த ஒரு குழுவும் தங்கியிருந்தது. ஏழரை மணிக்கு வேன் என்றால், எல்லோரும் கூடி, யாரோ ஒருவர் மாத்திரையை மறந்து மேலே போய்த் திரும்பி, எட்டேகாலுக்குக் கிளம்பும். கோலாலம்பூரின் காலை நெரிசல் நம் பூந்தமல்லி சாலைக்கு எந்த விதத்திலும் இளைத்ததல்ல. அந்தக் குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். ஆறு மாதம் நூலகம் நூலகமாக அலைந்து எழுதிய கட்டுரையோடு வந்திருந்தார். வேன் போய்ச் சேர்ந்தபோது அவருடைய முறை முடிந்து அடுத்தவர் வாசித்துக்கொண்டிருந்தாராம். இரக்கப்பட்டுக் கடைசியில் ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். பென்ஷன் பணத்தைச் சேர்த்து, கடல் கடந்து வந்து, ஐந்து நிமிடம். மாலையில் அவர் அதைச் சொன்னபோது எனக்குத்தான் கோபம் வந்தது, அவர் சிரித்துக்கொண்டார்.

ஆவடியில் மின்சார ரயில் ஏறி முப்பது வருடம் சென்ட்ரலுக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் நாம். நமக்கு அங்கே ரயில் ஏறத் தெரியாதா? விமான நிலையம் ஊருக்கு வெளியே சிப்பாங்கில், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து எங்கும் நிற்காத ரயில் 28 நிமிடத்தில் கே.எல். சென்ட்ரலில் விட்டுவிடும். பஸ் ஒரு மணி நேரம் எடுக்கும், ஆனால் கட்டணம் ரயிலில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. நான் பஸ்காரன். கே.எல். சென்ட்ரலில் கெலானா ஜெயா தடத்தில் ஏறினால் நான்காவது நிலையத்தின் பெயரே உனிவர்சிட்டி. அந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. முன் வரிசையில் நின்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம், பேரப்பிள்ளை மாதிரி. நிலையத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குள் போக பஸ் உண்டு, கிராப் கார் உண்டு. 'டச் அண்ட் கோ' என்ற ஒரே அட்டை ரயில், மோனோரயில், பஸ் எல்லாவற்றுக்கும் போதும்.

அறை எடுப்பதானால் பிரிக்ஃபீல்ட்ஸில் எடுங்கள். கே.எல். சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம். துன் சம்பந்தன் பெயரில் சாலை, இரண்டு பக்கமும் நம் கடைகள். காலை ஏழு மணிக்குச் சூடாகத் தோசை கிடைக்கிற இடத்தில் தங்கிவிட்டு, ஓட்டலில் வேன்காரர் கொடுக்கும் ஆறிப்போன உப்புமாவுக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? 1970-இல் பாரிசில் மூன்றாவது மாநாட்டுக்குப் போனவர்கள் பருப்புப்பொடியை மூட்டை கட்டியிருந்தால் அதில் நியாயம் உண்டு. லா சாப்பெல் தமிழ்க் கடைத்தெரு அப்போது இல்லை. கோலாலம்பூருக்கு எதற்கு மூட்டை?

மதியம் முடிந்தால் ஒரு நாளாவது வாழையிலைச் சாப்பாடு. சோறு, மூன்று காய், அப்பளம், ரசம். காயும் சோறும் கேட்கக் கேட்க வரும். கறி, மீனுக்குத் தனிக் காசு. சைவக்காரர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். மாமாக் கடை என்பது தமிழ் முஸ்லிம்களின் கடை. அங்கே ரொட்டி சானாய் அருமை. ஆனால் தொட்டுக்கொள்ளப் பருப்பு கேட்டால் மேலே மீன் குழம்பையும் ஒரு கரண்டி சேர்த்துவிடுவார்கள், அதுதான் ருசி என்று. 'பருப்பு மட்டும்' என்று தமிழிலேயே சொல்லுங்கள். நாசி லெமாக்கின் சம்பலில் நெத்திலி இருக்கும்.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு மந்திரம்: 'தே ஓ கோசோங்'. பாலும் சர்க்கரையும் இல்லாத டீ. சும்மா 'தே' என்றால் கெட்டிப்பால் ஊற்றி, நம் ஊர் டீக்கடை மாதிரியே ஆற்றி, பாயசமாகக் கொடுப்பார்கள்.

வேனில் ஏறாதே என்று நான் அடித்துச் சொல்வதற்குப் பணமும் நேரமும் மட்டும் காரணமல்ல. இரண்டாம் நாள் மாலை ஓர் ஒட்டுக்கடையில் (சாலையோரக் கடைக்கு அங்கே அதுதான் பெயர்) உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பெரியவர். "பசியாறியாச்சா ஐயா?" என்றார். அவர்கள் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதில்லை. ரிங்கிட் என்றும் சொல்வதில்லை, வெள்ளி என்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, லாரி ஓட்டி ஓய்ந்தவர். தாத்தா வந்த ஊர் பெயர் தெரியும், போனதில்லை. தோட்டம் வீட்டுமனைகளாக ஆனபோது பள்ளியைக் காப்பாற்ற ஊரே கூடியதை அரை மணி நேரம் சொன்னார். அரங்கில் புலம்பெயர் தமிழ் பற்றி அன்று நான் கேட்ட கட்டுரைகள் எல்லாவற்றையும்விட அதில் சரக்கு அதிகம். வேனில் போனவர்கள் அந்த நேரத்தில் கோபுரத்துக்குக் கீழே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முழங்கால் வலி, தனியாகப் போக பயம் என்பார்கள். இரண்டு பேராகப் போங்கள். ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு. பத்துமலைக்கும் கே.எல். சென்ட்ரலிலிருந்தே நேர் ரயில். அங்கே 272 படி. ஏற முடியாவிட்டால் கீழே நின்றே 42.7 மீட்டர் முருகனைக் கும்பிட்டு வரலாம். மாலையில் மழை வரும், குடை அவசியம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை 30 நாள் விசா இல்லாமல் விடுகிறார்கள். டிக்கெட் போடும் முன் அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மொழி? கடைக்கு அங்கே 'கெடாய்', நம்மிடமிருந்து போன சொல்தான். 'மாசுக்' என்றால் உள்ளே, 'கெலுவார்' என்றால் வெளியே. இன்னொன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், நம் வயதுக்கு அதுதான் முக்கியம்: 'தண்டாஸ்'. கழிப்பறை.