வண்டியை விற்கச் சொல்கிறவர்களுக்கு

கால் உடைந்து படுத்திருப்பவனுக்கு வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. கூரத்தில் எங்கள் காலனி வீட்டுக்கு மூன்று மாதமாக வந்துபோன சனங்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். புத்தூர் கட்டுப் போடு. நாட்டுக்கோழி முட்டை குடி. ஆட்டுக்கால் சூப்பு வை. பாசத்தில் சொல்வது, குற்றமில்லை. ஆனால் சூப்பில் ஆரம்பித்தவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நின்றார்கள்: "மொதல்ல அந்த வண்டிய வித்துத் தொலை."

இந்தப் பேச்சை எதிர்த்துத்தான் எழுதுகிறேன் தோழர்களே.

என் அம்மா இதைச் சொன்னால் அது பயம். லாரி கொட்டிவிட்டுப் போன ஜல்லியில் சறுக்கி விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள். ஊர்த்தெருக்காரர் ஒருவர் இதையே வேறு மாதிரி சொன்னார்: "உங்க ஆளுங்களுக்கு இன்னாத்துக்குப்பா இம்மாம் பெரிய வண்டி? அடக்கமா ஒரு மொபெட் போதாதா?" அது பயம் அல்ல, உத்தரவு. கொடுமை என்னவென்றால், பல தலைமுறையாக அந்த உத்தரவைக் கேட்டுக்கேட்டு நம் வீட்டுப் பயமும் அதே குரலில் பேசப் பழகிவிட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் 'மறுபடி ஓட்டுவதா வேண்டாமா' என்ற கேள்விக்கு நம்மால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105. செத்தவர்களில் எல்லா சாதியும் உண்டு. ஆனால் ஊர்த்தெருப் பையன் விழுந்து எழுந்தால், அடுத்து என்ன மாடல் எடுக்கப் போகிறாய் என்று கேட்கிறார்கள். நம்ம பையன் விழுந்தால்தான் வண்டி உனக்கு எதற்கு என்கிறார்கள். குதிரை வாகனத்தில் சாமி வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற கைகளுக்கு, சேரிப் பையன் இரண்டு சக்கரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து போவது மட்டும் ஏன் உறுத்துகிறது?

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டிப் போன தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். இந்தச் சாதியில் பிறந்துவிட்டு எங்கள் எதிரில் புல்லட் ஓட்டுவாயா என்று கேட்டு வெட்டியதாகப் புகார். மூன்று பேர் கைதானார்கள். அந்த புல்லட் எங்கே செய்கிறார்கள் தெரியுமா? 1955இல் திருவொற்றியூரில் ஆரம்பித்த அந்தக் கம்பெனி 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் ஆலை திறந்தது. இரண்டும் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். விடிகாலையில் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் காலனிப் பிள்ளைகளைக் கொண்டு ஓடும் தொழிற்பேட்டை இது. போல்ட்டு முடுக்கலாம், பெயிண்ட் அடிக்கலாம், ஏறி உட்காரக் கூடாதாம்!

சட்டத்துக்கே இது தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தம் கொண்டுவந்து, 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 3(1)(இசட்ஏ) பிரிவில், பொது இடத்தில் ஒரு தலித் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று எழுதியிருக்கிறார்கள். செருப்புப் போடுவதும், புதுத்துணி உடுத்துவதும், கல்யாணத்தில் குதிரை ஏறுவதும் அதே வரியில் இருக்கின்றன. ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை தண்டனை. மோட்டார் சைக்கிள் என்று பெயர் சொல்லி ஒரு நாடு சட்டம் எழுத வேண்டியிருந்தது என்றால் அந்த நாட்டின் தெருக்கள் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

சரி, அதனாலேயே கால் கூடுமுன் வண்டியில் ஏறிவிட வேண்டுமா? இங்கேதான் நம் பிள்ளைகளோடும் எனக்குச் சண்டை.

1929இல் அம்பேத்கர் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்கினார். மகர் குடியிருப்பு கொஞ்ச தூரம். தீண்டத்தகாதவரை வைத்து ஓட்ட எந்தக் குதிரைவண்டிக்காரனும் வரவில்லை. வண்டியை வாடகைக்குத் தருகிறேன், ஓட்டமாட்டேன் என்றான் ஒருவன். நம் தலைவர் நடந்து போவதா என்று ரோஷப்பட்ட மகர் மக்கள், வண்டி ஓட்டிப் பழக்கமே இல்லாத ஒருவரை ஓட்ட வைத்தார்கள். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் கல்லில் சிக்கியது. அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், குதிரையும் வண்டியும் ஆற்றில். கால் முறிந்து பல நாள் முடங்கினார். பாரிஸ்டர் படித்தவரை விட வண்டிக்காரன் தன்னை மேலாக நினைக்கிறான் என்று எழுதினார். அதோடு விடவில்லை, என் மானத்தைக் காப்பாற்ற என் உயிரைப் பணயம் வைத்துவிட்டார்கள் என்றும் நம் சனத்தைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் நாசிக் காலாராம் கோயில் போராட்டத்தைத் தொடங்கினார்.

இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வண்டிக்காரனை மட்டும் திட்டிவிட்டு நிறுத்திவிடுகிறோம். பழகாத கையில் கொடுத்த ரோஷத்தைப் பேசுவதில்லை. ஹெல்மெட்டை டேங்க் மேல் மாட்டிக்கொண்டு, மூன்று பேர் ஏறி, சைலென்சரைப் பிடுங்கிவிட்டு ஊர்த்தெருவில் சத்தம் போட்டுப் போவது கலகம் என்று நினைக்கிற தம்பிகளே, அந்தச் சத்தத்துக்கு எந்த ஆதிக்கமும் அசையாது. மண்டை உடைந்தால் நஷ்டம் நமக்குத்தான். நாற்பது ஆண்டாகக் கூலி வேலை செய்த அப்பனின் முதுகு மறுபடி வளையும்.

நான் ஓட்டத்தான் போகிறேன். ஆனால் ஊர்க்காரனுக்குக் காட்டுவதற்காக நாள் குறிக்க மாட்டேன். உடைந்தது வலது கால், பின் பிரேக் அந்தக் காலில். ஒற்றைக் காலில் நின்று முழு எடை தாங்கணும், திடுக்கென்று பிரேக்கை அழுத்தினால் வலிக்கக் கூடாது, நிறுத்தும்போது சாய்கிற வண்டியை அந்தக் கால் ஏந்தணும். அதுவரை பஸ்தான். பயம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. பின்னால் லாரி ஆரன் கேட்டால் இன்னும் கை இறுகிப்போகிறது. அது எலும்பு போலத் தானாகக் கூடாது. ஆள் நடமாட்டமில்லாத விடிகாலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டித்தான் தேய்க்க வேண்டும்.

இயக்கத்துக்கு இதில் என்ன வேலை என்று ஒரு தோழர் கேட்டார். நிறைய வேலை. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு அரசே செலவு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் 18இல் தொடங்கியது எங்கே? பக்கத்திலே மேல்மருவத்தூரில். தொடங்கியபோது ஒரு லட்ச ரூபாய் வரை. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். இன்னமும் நம்மாட்கள் தாலியை அடகு வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அப்புறம் இன்சூரன்ஸ். வண்டி அப்பா பேரில், ஓட்டுகிறவன் மகன், லைசென்ஸ் இல்லை, கையில் இருப்பது தேர்ட் பார்ட்டி பாலிசி. அவன் தானாகச் சறுக்கி விழுந்து செத்தாலும் கால் போனாலும் அந்தப் பாலிசியில் சல்லிக்காசு வராது. உரிமையாளரே ஓட்டினால்தான், அவரிடம் லைசென்ஸ் இருந்தால்தான், 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. அதுவும் அந்தக் காப்பீடு சேர்த்துக் கட்டியிருந்தால். உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோதான் பணம், கூடிப்போன எலும்புக்குக் கிடையாது.

கொடிக்கம்பம் எங்கே நடுவது என்று கிளைக் கூட்டத்தில் ராத்திரி பத்து மணி வரை பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, வண்டி எத்தனை, லைசென்ஸ் எத்தனை, ஆர்.சி. யார் பேரில், பாலிசி எந்த மாதம் முடிகிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் காலனியில் எழுத ஆரம்பித்துவிட்டோம்.