இண்டி ராக்: யார் கணக்கில் வரவு?

"இண்டி ராக் புதுசா கேட்கணுமா? நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்'டிலிருந்து ஆரம்பிங்க" என்று சொல்லும் பட்டியல்களுக்குக் குறைவே இல்லை. நல்ல ஆல்பம்தான். ஆனால் 1991-ல் அதை வெளியிட்டது கெஃபன் என்ற பெரிய கம்பெனியின் டிஜிசி லேபிள். இண்டி என்பது 'இண்டிபெண்டன்ட்' என்பதன் சுருக்கம். பணம் போட்டது யார், லாபம் யாருக்கு என்பதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தமே!

"சத்தம் ஒரே மாதிரி இருந்தால் போதாதா?" என்பார்கள். போதாது. அந்தச் சத்தமே கணக்கிலிருந்து வந்ததுதான். கைடட் பை வாய்சஸின் 'பீ தவுசண்ட்' (1994) ஏன் கரகரக்கிறது? ஓஹையோவில் வீட்டு கராஜிலும் பேஸ்மென்டிலும், பெரும்பாலும் நாலு டிராக் கேசட் மெஷினில் பதிவானது அது. ஃபுகாசியின் 'ரிப்பீட்டர்' (1990) வந்தது, பாடகர் இயன் மெக்காய் நண்பரோடு சேர்ந்து 1980-ல் தொடங்கிய டிஸ்கார்ட் லேபிளில்; அவர்கள் கச்சேரிக்கு டிக்கெட் பெரும்பாலும் 5 டாலராகத்தான் இருந்தது. ஸ்லின்ட்டின் 'ஸ்பைடர்லேண்ட்'டை (1991) வெளியிட்ட சிகாகோவின் டச் அண்ட் கோ, செலவு போக மிஞ்சும் லாபத்தை இசைக்குழுக்களோடு பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்ட லேபிள். பிக்சீஸின் 'சர்ஃபர் ரோசா'வைப் (1988) பதிவு செய்த ஸ்டீவ் அல்பினி கூலி மட்டும் வாங்கினார். ராயல்டி வேண்டாம் என்றார்.

புதிதாய் வருபவர்கள் முதலில் இந்த நாலையும் கேட்கட்டும். 'நெவர்மைண்ட்' எங்கே ஓடிவிடப் போகிறது? பிக்சீஸைக் காப்பியடிக்கப் பார்த்ததாகக் கர்ட் கோபேனே ஒத்துக்கொண்டிருக்கிறார். கடன் கொடுத்தவன் பெயரை விட்டுவிட்டு, வாங்கியவன் பெயரில் வரவு வைத்தால் அது பட்டியல் இல்லை... கள்ளக் கணக்கு!