விழிப்பு என்னும் வேடம்

போதையென்றால் கால் தள்ளாட வேண்டும், நாக் குழற வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதனாலன்றோ மெத்தாம்பெட்டமின் போன்ற ஊக்கப் பொருள்களைப் பற்றிப் பேச்செழும்போது, ‘இது மதுவன்று, மயக்கமும் இல்லை, விழிப்பைத்தானே தருகிறது!’ என்று வாதிடச் சிலர் துணிகின்றனர். இவ்வாதத்தை நாம் அடியோடு மறுக்கிறோம்.

விருத்தாசலத்தார்க்குச் சூளையின் இயல்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பீங்கான் தொழிற்பேட்டை அமைந்த ஊர் இது. சூடு அளவு மிஞ்சினால் கலம் வளைந்து உருக்குலையும் என்பதைச் சூளையருகே நிற்கும் எவரும் அறிவர். மிகுந்த நெருப்பே மிகுந்த பக்குவம் என்று அவர்கள் சொல்வதில்லை. மூளைக்கு மட்டும் அப்படிச் சொல்வது என்ன நியாயம்?

ஊக்கப் பொருள் மூளையில் டோப்பமின் என்னும் வேதிப்பொருளை அளவுக்கு மீறிப் பெருகச் செய்கிறது. நாளடைவில் அதைக் கையாளும் நரம்பு முனைகளே சிதைகின்றன. கவனம் நிலைகொள்ளாது, எண்ணியதை மனத்தில் நிறுத்தி ஆராயும் திறன் குன்றும். அன்று கற்றதை மூளை நிலைப்படுத்துவதில் உறக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. அந்த உறக்கத்தையும் இப்பொருள் பறித்துவிடுகிறது. விழித்திருந்து படித்தவனுக்குப் படித்தது நிற்பதில்லை. இதுவா விழிப்பு?

இரவு வேலைக்கு இது துணை என்போர் ஜப்பானைப் பார்க்கட்டும். மெத்தாம்பெட்டமினை 1893இல் உருவாக்கியவர் அந்நாட்டு அறிஞர் நகாய் நகயோஷி. 1941 முதல் ‘ஹிரோபோன்’ என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. போர்க்காலத்தில் ஆலைத் தொழிலாளர்களும் களைப்பை வெல்ல அதை விழுங்கினர். போர் ஓய்ந்தது, பழக்கம் ஓயவில்லை. 1951இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

‘கம்ர்’ என்னும் அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் மூடுதல். அறிவை மூடுவதே அளவுகோல், தள்ளாட்டம் அன்று. மார்க்கம் காக்க வந்த ஐந்தனுள் அறிவும் ஒன்று என இமாம் கஸ்ஸாலி வகுத்துள்ளார். திருமறையை நெஞ்சில் சுமக்கும் ஹாபிழ்களைப் போற்றும் சமுதாயம், நினைவைத் தின்னும் நஞ்சுக்குச் சலுகை தேடலாமா?

ஆயினும் நம் சினம் நஞ்சின் மீதேயன்றி, நோயாளியின் மீதன்று. ஓராண்டுக்கு மேல் விலகியிருந்த சிலரை ஆராய்ந்து 2001இல் வெளியான முடிவு, மூளையின் டோப்பமின் அமைப்பு பெரிதும் தேறியதையும், நினைவாற்றல் அவ்வளவு தேறாததையும் காட்டியது. ஆகவே தாமதமே பெருங்கேடு. சிறிதளவு வைத்திருந்து பிடிபட்ட அடிமையும் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே இடமுண்டு. சட்டத்திற்குள்ள இரக்கம் ஜமாஅத்துக்கு இல்லையா? மானம் போகுமென்று மகனை மறைக்கும் வீடும், ஒதுக்கிவைக்கும் மஹல்லாவும் அவன் நினைவையே விலையாகக் கொடுக்கின்றன. சுட்ட கலம் மீண்டும் மண்ணாகாது, மனிதன் மீள்வான். அவனை இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.