தமிழில் படித்த பிள்ளைக்குத் தமிழே தடையாவதா?

வள்ளியூரிலிருந்து பாளையங்கோட்டை ஏறத்தாழ ஒரு மணிநேரப் பேருந்துச் செலவே. அங்கே 1965-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி, தென்பாண்டி மக்களின் வரிப்பணத்தால் வளர்ந்து அவர்தம் நோய் தீர்த்து வருகின்றது. இராதாபுரம் வட்டத்துப் பனையேறியும், களக்காட்டு வாழைத் தோட்டத்து உழவனும், பீடி சுற்றியே நெஞ்சு நொந்த தாய்மாரும் அதன் மருத்துவமனை வரிசையில் நிற்கின்றனர். நோயாளராய் உள்ளே நுழைய அவர்க்குத் தடையில்லை. அவர்தம் பிள்ளைகள் மாணவராய் நுழைவதற்கோ தில்லியில் அடித்த பூட்டொன்று தொங்குகின்றது. நீட் என்பது அப்பூட்டின் பெயர். அப்பூட்டுக்குள் ஓர் உட்பூட்டும் உண்டு. அது தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கென்றே அமைந்தது. அதனைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலர். பேச வேண்டிய கடமை தமிழன்பர்க்கு உண்டு.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு 1984-இல் புகுத்தப்பட்டது. ஊர்ப்புறப் பிள்ளைகள் அதனால் பின்தள்ளப்படுவதை இருபதாண்டுப் பட்டறிவு காட்டியபின், 2006-இல் சட்டமன்றம் சட்டம் இயற்றி, 2007-இல் குடியரசுத்தலைவரின் இசைவும் பெற்று, அதனை ஒழித்தது. அதன்பின் பத்தாண்டுக் காலம், பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சேர்த்து 100, ஆக 200 மதிப்பெண்ணே மருத்துவ இடத்தை முடிவு செய்தது. அம்முறை குற்றமற்றதன்று. நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளிகள் நெட்டுருவைப் பயிராக்கி அறுவடை செய்தன. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அப்போதும் குறைவாகவே இடம் பெற்றனர். ஆயினும், ஒரு பிள்ளை எம்மொழியில் எப்பாடத்தைப் படித்ததோ, அம்மொழியில் அப்பாடத்தாலேயே அளக்கப்பட்டது. கேட்டவரும் தமிழாசிரியரோடு ஒத்த தமிழறிந்தவர், திருத்தியவரும் தமிழறிந்தவர்.

2013-இல் செல்லாது என்று உச்ச முறைமன்றம் தள்ளிய நீட் தேர்வு, 2016-இல் அம்மன்றத்தாலேயே உயிர்ப்பிக்கப்பட்டது. அவ்வாண்டு மட்டும் மாநில இடங்களுக்கு விலக்கு இருந்தது. 2017-இல் அதுவும் போயிற்று. அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா அவ்வாண்டு 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றார். மருத்துவத் தரவரிசைக்குரிய 200-க்கு 196.75 பெற்றார். நீட்டில் அவர் பெற்றது 720-க்கு 86. ஒரே பெண், ஒரே ஆண்டு, ஒரே அறிவு. அளவுகோல் மட்டும் வேறு. உச்ச முறைமன்றம் வரை சென்று முறையிட்ட அப்பெண், 2017 செப்டம்பர் 1-ஆம் நாள் மறைந்தார்.

இஃது ஒருவர் துயரன்று என்பதை மேனாள் நடுவர் ஏ. கே. இராசன் தலைமையில் 2021-இல் அமைந்த குழுவின் கணக்கு காட்டுகின்றது. 2016-17-இல் மருத்துவத்தில் சேர்ந்தோருள் தமிழ்வழிப் பிள்ளைகள் 14.88 விழுக்காடு. 2020-21-இல் 1.99 விழுக்காடு. நூற்றுக்குப் பதினைவர் இருவராயினர். மறுமுறை தேர்வெழுதி இடம் பெற்றோரோ 12.47 விழுக்காட்டிலிருந்து 71.42 விழுக்காடாயினர். பள்ளி முடித்த பிள்ளையை மேலும் ஓராண்டோ ஈராண்டோ வேலைக்கனுப்பாமல், தனிப்பயிற்சிக்கும் பணங்கட்டிக் காக்க வல்ல குடும்பத்துக்கே இனி வாய்ப்பு என்பது இதன் பொருள். பீடிக்கட்டை எண்ணிக் கூலி வாங்கும் தாய் அந்த ஓராண்டை எக்கடையில் விலைக்கு வாங்குவாள்?

"நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாமே" என்பர். எழுதியவர்க்கு நேர்ந்தது என்ன? 2017-இல் தமிழில் எழுதியோர்க்கு, ஆங்கிலத்தில் எழுதியோரினும் வேறான வினாத்தாள் தரப்பட்டது. ஒரே நாடு, ஒரே தேர்வு என்று முழங்கியவர்களே இருவேறு வினாத்தாளை நீட்டினர். 2018-இல் ஒரே வினாத்தாளைத் தமிழாக்கித் தந்தனர். அதில் 180 வினாக்களுள் 49 பிழைபட்டிருந்தன. சிறுத்தை என்றிருக்க வேண்டிய இடத்தில் 'சீத்தா' என்றிருந்தது. சீத்தா என்று கண்ட பிள்ளை பழத்தை நினைக்குமா, விலங்கை நினைக்குமா? வினாவிற்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு உயர் முறைமன்றத்தின் மதுரைக் கிளை 2018 சூலை 10 அன்று ஆணையிட்டது. அம்மாதமே உச்ச முறைமன்றம் அதற்குத் தடை விதித்தது. அவ்வாண்டு முடியுமுன் அவ்வாணையை நீக்கியும் விட்டது. தமிழில் எழுதிய 24,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிறர் செய்த பிழைக்குத் தாம் தண்டம் செலுத்தினர்.

இவையெல்லாவற்றினும் கொடியது ஒரு விதி. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்று தேர்வு நடத்துவோர் அறிவித்துள்ளனர். தமிழ் வினாவில் பிழையிருப்பதைக் கண்டறிய அப்பிள்ளைக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலம் அவ்வளவு தெரிந்திருப்பின் தமிழில் எழுத வேண்டியதில்லை. ஆகவே அத்தேர்வில் தமிழ் ஒரு மொழியாக இல்லை. ஆங்கிலத்தின் நிழலாகவே இருக்கின்றது.

தமிழ்நாட்டரசு வாளாவிருந்துவிடவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு 7.5 விழுக்காடு உள்ளொதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. விரல்விட்டு எண்ணத்தக்கவராயிருந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அவ்வாண்டே சில நூற்றுவராயினர். பாராட்டத்தக்க செயலே. ஆனால் நெல்லைச் சீமையில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தமிழில் கற்பிப்பவை அரசுப் பள்ளிகள் மட்டுமல்ல. அரசு உதவிபெறும் பள்ளிகள் தலைமுறை தலைமுறையாக அதே பணியைச் செய்கின்றன. ஒரே தெருவில் பிறந்து, ஒரே பாடநூலைத் தமிழில் படித்தும், உதவிபெறும் பள்ளியில் பயின்ற பிள்ளைக்கு அவ்வொதுக்கீடு இல்லை. மறுபுறம், அரசுப் பள்ளியின் ஆங்கிலப் பிரிவில் படித்தவர்க்கு உண்டு. தமிழ்வழி என்பதற்காக எவர்க்கும் ஓரிடமும் இல்லை. அரசுப் பணியில் தமிழ்வழிக் கற்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை 2010-இலேயே சட்டமாகிவிட்டது. எழுத்தர் நாற்காலிக்குத் தகுதி தரும் தமிழ், மருத்துவர் நாற்காலிக்குத் தகுதி தராதா?

தமிழில் மருத்துவம் இயலாது என்பார்க்கு ஈழம் விடை சொல்லும். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன், மானிப்பாயில் முதற்கண் ஆங்கிலத்திலேயே மருத்துவங் கற்பித்தார். 1864-இல் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியியல் ஆகிய துறை நூல்களைத் தம் மாணவர் துணையோடு தமிழாக்கினார். 1873-இல் தாயகம் திரும்புமுன் அறுபதின்மருக்கு மேற்பட்டோரை மருத்துவராக்கினார். அவருள் பலர் தமிழிலேயே பயின்றவர். கடல்கடந்து வந்த அயலார்க்கு இயன்றது, பல்கலைக்கழகமும் பாடநூல் நிறுவனமும் உடைய தமிழர்க்கு இயலாதா? 2022 அக்தோபரில் போபாலில் இந்தி மருத்துவப் பாடநூல்களை நடுவண் உள்துறை அமைச்சரே வெளியிட்டார். இந்திக்கு இயல்வது தமிழுக்கு இயலாதென்று எவரும் சொல்லட்டும், பார்ப்போம்.

பழியை முழுதும் தில்லியின் மேல் ஏற்றிவிட்டு ஓய்ந்திருத்தலும் முறையன்று. அரசுப் பள்ளிகளில் ஆங்கிலப் பிரிவுகளை 2012-13-இல் பெருக்கியவர் தமிழ்நாட்டு ஆட்சியாளரே. மேடையில் தமிழ் முழங்கி, மகனை ஆங்கிலப் பள்ளி ஊர்தியில் ஏற்றிவிடும் தமிழ்ப்பற்றாளரும் உளர். தமிழ்வழியை ஏழைக்கு மட்டும் உரியதாக்கிவிட்டால், அதற்காக வாதாட வலியோர் எவரும் எஞ்சார்.

நீட் விலக்குச் சட்டமுன்வரைவு 2021-இல் நிறைவேறி, ஆளுநரால் திருப்பப்பட்டு, 2022-இல் மீண்டும் நிறைவேறியது. குடியரசுத்தலைவர் அதற்கு இசைவு மறுத்த செய்தியை முதலமைச்சர் 2025 ஏப்பிரல் 4 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். விலக்குப் போராட்டம் தொடரட்டும். அதுவரை நான்கு செய்திகளை உரக்கக் கேட்க வேண்டும். தமிழ் வினாத்தாளைத் தமிழ்வழிப் பாட ஆசிரியர் சரிபார்த்தல் வேண்டும். தமிழில் எழுதியவர்க்குத் தமிழ் வடிவமே முடிவாதல் வேண்டும். உதவிபெறும் பள்ளித் தமிழ்வழிப் பிள்ளைக்கும் உள்ளொதுக்கீடு வேண்டும். மருத்துவ இடத்திலும் தமிழ்வழிக்கு முன்னுரிமை வேண்டும்.

இடம் கிட்டாத பிள்ளைகள் தம்மைச் சிறியராகக் கருத வேண்டா. கோணியது அளவுகோலே, அளக்கப்பட்டவர் அல்லர். மகேந்திரகிரி அடிவாரத்தில் ஏவுகலப் பொறிகள் ஆய்வு செய்யப்படுகின்றன. கூடங்குளத்தில் அணுவுலை இயங்குகின்றது. நாட்டின் பெருஞ்செயல்களுக்கெல்லாம் வள்ளியூரைச் சூழ்ந்த மண் தகுதியுடையதாயின், அம்மண்ணில் தமிழில் படித்த பிள்ளை, தன் தாயின் நாடிபிடித்துப் பார்க்கவும் தகுதியுடையதே.