பல்லு மேல பழி போடாதீங்க மக்களே!

போன மாசம் அக்கா பையனுக்கு நல்ல ஜுரம். எட்டு மாசக் குழந்தை, தெர்மாமீட்டர்ல 102. பால் சரியா குடிக்கல, ஒரே அழுகை. வீட்டுப் பெரியவங்க கூடித் தீர்ப்பு சொல்லிட்டாங்க: "பல்லு மொளைக்குதுடி, அப்படித்தான் இருக்கும்." வாயைத் திறந்து பார்த்தா கீழ் ஈறுல வெள்ளையா ஒரு கோடு. சாட்சி கிடைச்சாச்சு, கேஸ் முடிஞ்சது.

மூணாவது நாள் டாக்டர்கிட்ட போனா, சிறுநீர்ப் பாதையில தொற்று. "ஏங்க ரெண்டு நாள் வீட்டுலயே வெச்சிருந்தீங்க?"ன்னு அவர் கேட்டதுக்கு யார்கிட்டயும் பதில் இல்ல. (நானும்தான் "ஆமா, பல்லுதான்"னு தலையாட்டினேன்.)

அந்தக் கடுப்புல, பல்லு நிஜமா எப்படித்தான் முளைக்குதுன்னு தேடிப் படிச்சேன். எலும்பையும் ஈறையும் குத்திக் கிழிச்சுட்டு வருதுன்னுதான் இத்தனை நாள் நெனச்சிருந்தேன். அப்படி இல்லையாம். 1980கள்ல மார்க்ஸ், காஹில்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நாய்கள்ல ஒரு சோதனை பண்ணாங்க. தாடைக்குள்ள இருந்த பல்லை எடுத்துட்டு, அதைச் சுத்தியிருக்கிற பையை மட்டும் விட்டுவெச்சு, உள்ள ஒரு டம்மி பல்லை வெச்சாங்க. அந்த டம்மியும் முளைச்சு வந்துச்சு! பையை எடுத்துட்டா பல்லு வரவே இல்ல.

அதாவது வேலை பாக்கறது பல்லு இல்ல, பை. அதுதான் எலும்பைக் கரைக்கிற செல்களை வரவழைச்சு மேல வழி உண்டாக்குது. கீழ புது எலும்பு சேருது. எலும்பு கரையாத ஒரு அரிய நோய் இருக்கு. அது வந்த குழந்தைங்களுக்குப் பல்லு உள்ளயே மாட்டிக்குது. ஆக, இது மாசக்கணக்கா மெதுவா நடக்கிற ரோடு வேலை. திடீர்னு 102 ஜுரம் வரவெக்கிற சமாச்சாரம் இல்ல.

அப்புறம் ஏன் ரெண்டும் சேர்ந்தே வருது? ஆறு மாசம் வாக்குலதான் அம்மாகிட்டருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறையுது. அதே சமயம் தவழ்ந்து போய் கைல கிடைச்சதெல்லாம் வாய்க்குள்ள. ரெண்டரை, மூணு வயசுக்குள்ள 20 பால் பல்லு வரணும். எப்ப ஜுரம் வந்தாலும் பக்கத்துல ஒரு பல்லு மாட்டும். சர்வர் படுத்தா கடைசியா கோட் செக்-இன் பண்ணவன் தலைய உருட்டறோமே, அதே கதை.

2016ல 'பீடியாட்ரிக்ஸ்' இதழ்ல பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. பல்லு முளைக்கறப்ப ஈறு உறுத்தல், எச்சில், சிணுங்கல் உண்டு. உடம்புச் சூடு லேசா ஏறலாம்; ஜுரம்னு சொல்ற அளவுக்கு இல்ல.

தப்பான நம்பிக்கைக்குத் தப்பான மருந்தும் வரும். இங்கிலாந்துல பாதரசம் கலந்த பல் பவுடரைக் குழந்தைகளுக்குக் குடுத்தாங்க. கை காலெல்லாம் சிவந்து போற நோய் வந்துச்சு. 1950கள்ல பவுடரை நிறுத்தின பிறகுதான் அது ஓய்ஞ்சது. நைஜீரியாவுல 2008ல விஷம் கலந்த பல் முளைப்பு சிரப் குடிச்சு 80க்கும் மேல குழந்தைங்க செத்துப்போச்சு.

"எங்க காலத்துல நாங்க வளர்க்கலையா?"ன்னு கேப்பாங்க. வளர்த்தீங்க பாட்டி. ஆனா பொழைச்சவங்கதானே வந்து இந்தக் கதையைச் சொல்ல முடியும்?

பெரியவங்களைக் குத்தம் சொல்லல. அவங்க சொல்றது ஆறுதல். அந்த ஆறுதலை நாம வைத்தியமா எடுத்துக்கிட்டதுதான் தப்பு. எச்சில், கடி, சிணுங்கல்னா சுத்தமான ஈரத்துணியைக் கடிக்கக் குடுங்க, போதும். 100.4 தாண்டினா, வயித்தால போனா, பால் குடிக்கலன்னா, பல்லை மறந்துட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க.

பி.கு.: அந்த வெள்ளைக் கோடு இப்ப ரெண்டு பல்லா வெளிய வந்தாச்சு. ஜுரம் கிரம் எதுவும் இல்ல. என் விரல்தான் பாவம்!